வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்: குடும்ப வழக்குக்கு வக்கீல் தேடுவது எப்படி?

நான் வக்கீல் இல்லை. தங்கையின் விவாகரத்து வழக்குக்காக நான்கு வருடம் ஒரு மாவட்டக் குடும்ப நல நீதிமன்றத்தின் வராந்தாவில் நின்றவன். அந்த நான்கில் முதல் பதினாலு மாதம் முழுக்க வீண். காரணம், வக்கீல் தேர்வில் நாங்கள் செய்த தவறு.

மாமா ஒருவர் கைகாட்டிய வக்கீல் அவர். பாகப்பிரிவினை வழக்கில் கெட்டிக்காரர், ஊரில் நல்ல பெயர். "ஆறு மாசத்துல முடிச்சிடலாம் தம்பி" என்றார். மனுவை ஆங்கிலத்தில் தயார் செய்து, கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார், தங்கை கையெழுத்துப் போட்டாள். கவுன்சலிங் அறையில் ஆலோசகர் அந்த மனுவைப் புரட்டிக்கொண்டே, "2 லட்சம் வரதட்சணை கேட்டாங்கன்னு போட்டிருக்கே, யார் கேட்டது, எப்ப கேட்டாங்க?" என்று கேட்டார். தங்கை முழித்தாள். யாரும் கேட்கவில்லை. வேறு யாருக்கோ அடித்த மனுவிலிருந்து அந்தப் பத்தி அப்படியே வந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, அதுவரை ஓரளவு பேச்சுக்கு வந்தவர், அன்றோடு நிறுத்திவிட்டார்.

தமிழ்நாட்டில் முதல்முறையாகக் குடும்ப வழக்குக்கு வக்கீல் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்ட விளக்கம் கொஞ்சம் வரும். ஆனால் பெரும்பகுதி, ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றித்தான்.

முதலில் உங்கள் வழக்கு எது என்று பாருங்கள்

"டைவர்ஸ் கேஸ்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் நான்கைந்து வழக்குகள் ஒளிந்திருக்கும். மண முறிவு ஒன்று. ஜீவனாம்சம் இன்னொன்று. குழந்தை யாரிடம் இருப்பது, யார் எப்போது பார்ப்பது என்பது வேறு. நகை, சீர் சாமான் திரும்ப வாங்குவது வேறு. வீட்டில் அடி உதை இருந்தால் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு கேட்பது வேறு. இது பொதுவாகக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகாது, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். உங்களுக்கு இவற்றில் எது அவசரம்? சம்பளம் இல்லாமல் குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு விவாகரத்து அடுத்த வருடம் கிடைத்தால் போதும், இடைக்கால ஜீவனாம்சம் இந்த மாதம் வேண்டும். இந்த வரிசையை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் வக்கீல் தன் வசதிப்படி முடிவு செய்வார்.

அடுத்து, திருமணம் எந்தச் சட்டத்தில் நடந்தது? இந்து முறைத் திருமணமும் சுயமரியாதைத் திருமணமும் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் வரும். சுயமரியாதைத் திருமணத்துக்காகவே தமிழ்நாட்டில் அதில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். மதம் கடந்து ரிஜிஸ்டர் செய்த திருமணம் என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். கிறித்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். முஸ்லிம் பெண்கள் விடுதலை கேட்க 1939-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஜமாஅத்தில் குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மண முறிவு, அதற்கான சான்றிதழ் வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படித் தனியார் அமைப்பு தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. உங்கள் சட்டத்தில் வழக்கு நடத்திப் பழகியவர் யார் என்று தேட இந்தத் தெளிவு வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் செலவையும் காலத்தையும் தீர்மானிப்பது: எதிர்த்தரப்பு சம்மதிக்குமா?

இரண்டு பேரும் சம்மதித்தால் 'மியூச்சுவல்'. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதற்குப் பெரிய வக்கீல் தேவையே இல்லை. ஒப்பந்தத்தை ஓட்டையில்லாமல் எழுதத் தெரிந்த, ஒழுங்காக ஆஜராகிற ஒருவர் போதும். மியூச்சுவலுக்கு ஊரிலேயே அதிக ஃபீஸ் வாங்குகிறவரிடம் போவது தலைவலிக்கு ஆபரேஷன் தியேட்டர் தேடுவது மாதிரி.

சம்மதம் இல்லையென்றால் கொடுமை, கைவிட்டுப் போனது என்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைச் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும். அங்கே சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் நடத்தத் தெரிந்தவர் வேண்டும். இடையில் ஒரு வதந்தி: "பிரிஞ்சு அஞ்சு வருஷம் ஆயிட்டா தானா ரத்தாயிடும்." ஆகாது. திருமணம் மீட்க முடியாமல் முறிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விவாகரத்து தரும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும், அதுவும் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவின்படி இருக்கிறது. 2023-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தெளிவாக்கியது. இந்த வதந்தியை ஒரு வக்கீலே உங்களிடம் சொன்னால், வணக்கம் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

எந்த ஊர் வக்கீல்?

வழக்கு எந்த ஊரில் நடக்குமோ அந்த ஊர் வக்கீல். இந்து திருமணச் சட்டப்படி, திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் இவற்றில் வழக்குப் போடலாம். மனுதாரர் மனைவி என்றால் அவர் இப்போது இருக்கும் ஊரிலும் போடலாம். இந்தக் கடைசி வசதி 2003-இல் வந்தது. இன்றும் பல பெண்கள் புகுந்த வீட்டு ஊருக்கு அலைய வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள்.

குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றம் இந்த வழக்குகளை எடுக்கும். சென்னையிலிருந்து பெரிய பெயரைக் கூட்டிவந்தால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கார் செலவு உங்கள் தலையில். அவர் வராத நாளில் உள்ளூர் ஜூனியர் எழுந்து வாய்தா கேட்பார். மேல்முறையீடு என்று உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போகும்போது அந்த ஊர்க்காரரைப் பார்த்துக்கொள்ளலாம். அது வேறு வேலை, வேறு ஆள்.

தேடும் இடம்

இணையத்தில் நட்சத்திரம் பார்த்து ஓட்டல் தேடுவது போல வக்கீல் தேட முடியாது. இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது, அது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. "நகரின் முதல் 10 விவாகரத்து வக்கீல்கள்" என்று வரும் பக்கங்கள் இந்த விதிக்கு எதிரானவை. இப்படி வக்கீல்களைத் தரவரிசைப்படுத்தி விற்கும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நல்ல வக்கீல் அந்தப் பட்டியலில் இருக்கவும் கூடும். ஆனால் பட்டியலில் இருப்பது நல்ல வக்கீல் என்பதற்கு அடையாளம் இல்லை.

உறவினர் பரிந்துரையிலும் ஒரு சிக்கல். கைகாட்டிய மாமா, அந்த வக்கீல் தனக்கு நிலத்தகராறில் ஜெயித்துக் கொடுத்ததை வைத்துச் சொல்கிறார். பிறகு வக்கீலை மாற்ற நினைத்தால் மாமா முகம் சுருங்கும். அதனாலேயே நாங்கள் ஆறேழு மாதம் தாமதித்தோம். யாரிடம் கேட்டாலும் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "குடும்பக் கேஸ் முடிஞ்சவங்க யாராவது தெரியுமா?" வழக்கு நடந்துகொண்டிருக்கிறவர் தன் வக்கீலைப் புகழ்வார், இல்லாவிட்டால் திட்டுவார். முடித்தவர்தான் கணக்குப் போட்டுச் சொல்வார்.

நீதிமன்ற வாசலில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருப்பவர்கள், குமாஸ்தாக்கள், குடும்ப வழக்கே எடுக்காத கிரிமினல் வக்கீல்கள் ஆகியோரிடம் விசாரிப்பது நல்லது. யார் மனுவைத் தானே உட்கார்ந்து திருத்துகிறார், யார் பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றுகிறார் என்று டைப்பிஸ்டுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஆனால் நான் முழு மனதோடு சொல்லும் யோசனை இது: ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, காலை பத்து மணிக்குக் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய் நில்லுங்கள். இந்த வழக்குகளில் ஏதாவது ஒரு தரப்பு கேட்டால் மூடிய அறையில் விசாரிப்பார்கள், ஆகவே உள்ளே உட்கார முடியாமல் போகலாம். வராந்தா போதும். பெயர் கூப்பிடும்போது எந்த வக்கீல் கேஸ் கட்டோடு தயாராக நிற்கிறார், யாருக்காகக் கட்சிக்காரர் போனை வைத்துக்கொண்டு படியில் ஏறி இறங்கித் தவிக்கிறார், யார் எதிர்த்தரப்பு வக்கீலிடம் சத்தம் போடாமல் பேசி ஒரு வாய்தாவை மிச்சப்படுத்துகிறார், அழுகிற பெண்ணிடம் யார் நின்று ஒரு நிமிடம் விளக்குகிறார், எல்லாம் அங்கே தெரியும். (வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு செய்யாத நாளாகப் பார்த்துப் போங்கள். நான் முதல்முறை போனபோது வராந்தாவில் காக்காய்தான் இருந்தது.) எங்கள் இரண்டாவது வக்கீலை நாங்கள் கண்டுபிடித்தது இப்படித்தான்.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும், நீதிமன்ற வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம், காசு இல்லை. அந்த நீதிமன்ற வளாகத்தில் அவருக்கு எந்த வகை வழக்குகள் எத்தனை இருக்கின்றன என்று பார்க்கலாம். முழுக்க உரிமையியல் அசல் வழக்குகளாக இருந்து, எச்.எம்.ஓ.பி. என்ற இந்து திருமண மனுக்கள் ஒன்றிரண்டுதான் என்றால் யோசியுங்கள். பார் கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி வக்கீல்களுக்கு எம்.எஸ். என்று தொடங்கி, எண்ணும் பதிவான வருடமும் இருக்கும். கேட்டால் கோபப்படுகிறவர் அரிது, கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

காசே இல்லையென்றால்

1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். "இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ" என்று ஒரு பேச்சு உண்டு. ஏனோதானோ ஆட்களும் இருக்கிறார்கள்தான், ஆனால் காசு வாங்குகிறவர்களில் இல்லையா? ஒத்துவரவில்லையென்றால் வேறு வக்கீல் வேண்டும் என்று ஆணைக்குழுவிடமே எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி இங்கே வக்கீல் வைப்பது ஒரு உரிமையே இல்லை. நீதிமன்றம் அனுமதிப்பதால்தான் வக்கீல்கள் ஆஜராகிறார்கள். நீங்களே பேசலாம். எதிர்த்து நடக்கும் வழக்கில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஆனால் "நான் இல்லாம நீங்க கோர்ட்டுக்குள்ளயே போக முடியாது" என்று ஒருவர் மிரட்டினால் அது பொய் என்று தெரிந்திருக்கட்டும்.

முதல் சந்திப்புக்கு எடுத்துப்போக வேண்டியவை

ஒரே ஒரு தாளில் தேதி வாரியாக எழுதுங்கள். திருமணம், குழந்தை பிறந்தது, முதல் பெரிய சண்டை, வீட்டை விட்டு வந்தது, பஞ்சாயத்துப் பேசியது, மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தது. தேதி ஞாபகம் இல்லையென்றால் "ஆடிக்கு முன்னால்", "பாப்பா எல்.கே.ஜி. சேர்ந்தப்ப" என்று எழுதினாலும் சரி, ஊகித்துத் தேதி போடாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்தத் தேதியைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

கூடவே திருமணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, நகை ரசீதுகள், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வந்த நோட்டீஸ், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் தந்த சி.எஸ்.ஆர். ரசீது. எல்லாம் ஜெராக்ஸ் மட்டும், அசல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்திகளைக் கோபத்தில் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, மின்னணுச் சாட்சியத்துக்கென்று தனிச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அது இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் வருகிறது. இதை வக்கீல் தானாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

யாரோடு போவது? இதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. வழக்குக்காரரும் துணைக்கு இன்னொருவரும், அவ்வளவுதான். எங்கள் முதல் சந்திப்புக்கு அம்மா, அப்பா, மாமா, நான் என்று ஒரு வேனே போனோம். வக்கீல் தங்கையிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா பதில் சொன்னார். அப்பா முன்னால் தங்கையால் சொல்ல முடியாத விஷயங்கள் இருந்தன, அவை ஒன்பது மாதம் கழித்துத்தான் வெளியே வந்தன. கூட்டத்தை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு வழக்குக்காரரிடம் தனியாகப் பேசும் வக்கீல் கிடைத்தால், அவருக்கு ஒரு மார்க் கூட்டிப் போடுங்கள்.

வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள். வேறு உறவு, கடன், மருத்துவச் சிகிச்சை, வீசிய கை, எதுவானாலும். எதிர்த்தரப்புக்கு அது தெரியும். உங்கள் வக்கீலுக்கு மட்டும் தெரியாமல் இருப்பதில் என்ன லாபம்?

கேட்க வேண்டிய கேள்விகள்

"எத்தனை கேஸ் ஜெயிச்சிருக்கீங்க?" என்று கேட்காதீர்கள், பதில் எப்போதும் நிறையத்தான். முதலில் கேட்க வேண்டியது: "எங்க பக்கத்துல பலவீனம் என்ன?" எங்கள் இரண்டாவது வக்கீல் அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. பழைய மனுவை இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதுல எதெல்லாம் பொய்ம்மா?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார். நீங்கள் எதிர்பார்க்கிற ஜீவனாம்சம் கிடைக்காது, உங்களுக்கும் சம்பளம் இருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்ததும் தங்கை, "இவங்களே இருக்கட்டும்ண்ணா" என்றாள்.

அடுத்தது: "வாய்தா அன்னைக்கு நீங்க வருவீங்களா, ஜூனியர் வருவாரா?" ஜூனியர் வருவது தவறில்லை, வெறும் தேதி வாங்கும் நாளில் அவரே போதும். விசாரணை நாளில் யார் என்பதுதான் கேள்வி. அந்த ஜூனியரையும் அன்றே பார்த்துப் பேசிவிடுங்கள், அடுத்த இரண்டு வருடம் போனை எடுக்கப் போகிறவர் அவர்தான்.

ஜீவனாம்சம் வேண்டியவர்கள் இதைக் கேளுங்கள்: "இடைக்கால மனு எப்பப் போடுவீங்க?" 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இரு தரப்பும் சொத்து, வருமானம், செலவு, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காக வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. மனு ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒரு மாதப் பணம் போச்சு. "அதை மெதுவாப் பாத்துக்கலாம்" என்கிறவருக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். கணவர் தரப்பில் இருப்பவர்களுக்கும் இதே வாக்குமூலம் உண்டு. வேலையை விட்டுவிட்டதாகக் காட்டலாம் என்று யோசனை தருகிறவர் உங்களைப் பொய்ச் சத்தியத்தில் மாட்டிவிடுகிறார்.

குழந்தை இருந்தால், வக்கீல் குழந்தையைப் பற்றி என்ன கேட்கிறார் என்று பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் சொல்ல வக்கீல் தேவையில்லை. பள்ளிக்கூடம் எங்கே, யார் கொண்டுபோய் விடுகிறார்கள், சனி ஞாயிறு அப்பாவைப் பார்க்க என்ன ஏற்பாடு என்று கேட்கிறவர் வழக்கை நடத்தத் தெரிந்தவர். "குழந்தையைக் கண்ணுலயே காட்டாதீங்க, வழிக்கு வருவாங்க" என்கிறவரிடம் உட்காரக்கூடாது.

சமரச மையத்தைப் பற்றியும் கேளுங்கள். 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சமரச மையம்தான் இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மையம், இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. சமரசம் என்றால் திரும்பச் சேர்ந்து வாழ்வது மட்டும் என்று நினைத்துப் பலர் மிரளுகிறார்கள். கௌரவமாகப் பிரிவதற்கும் அதே மேசைதான். அங்கே போவதை நேர விரயம் என்று சிரிக்கும் வக்கீல், உங்கள் நேரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்

"ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்." பெரும்பாலும் பொய், உண்மையாக இருந்தால் இன்னும் மோசம்.

"498-ஏ போட்டுட்டா மொத்தக் குடும்பமும் கால்ல விழும்." கணவர் வீட்டார் செய்யும் கொடுமைக்கான அந்தத் தண்டனைச் சட்டப் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85 என்று எண் மாறிவிட்டது, ஆனால் பேச்சில் இன்னும் பழைய எண்தான். உண்மையில் கொடுமை நடந்திருந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள், அதற்காகத்தான் அந்தச் சட்டம். நடக்காததை மிரட்டலுக்காக எழுதினால், பிறகு மியூச்சுவலுக்கு வரும்போது அந்தக் கிரிமினல் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத் தனியாக அலைய வேண்டும். மாமியார், நாத்தனார் பெயரையெல்லாம் சேர்த்தால் சமாதானக் கதவு அன்றே மூடிவிடும்.

வெற்றுத் தாளில், வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பவர். "அவசரத்துக்கு வேணும்" என்பார்கள். எந்த அவசரத்துக்கும் வேண்டாம்.

"இப்ப ஒண்ணும் குடுக்க வேணாம், வர்ற பணத்துல இவ்வளவு சதவீதம் குடுங்க." கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், வரும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. தொடக்கத்திலேயே விதியை மீறுகிறவர், முடிவில் உங்களுக்காக மட்டும் விதியைக் கடைப்பிடிப்பாரா?

இரண்டு தரப்புக்கும் ஒரே வக்கீல் என்பதும் மியூச்சுவலில் சகஜம். செலவு மிச்சம்தான். பணம், வீடு, குழந்தை எதுவும் பேச வேண்டாத இளம் தம்பதிக்குச் சரி. ஒப்பந்தத்தில் தொகையோ குழந்தையோ இருந்தால், கையெழுத்துக்கு முன் வேறொரு வக்கீலுக்கு ஒருமுறை ஃபீஸ் கொடுத்து அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஃபீஸ்

இவ்வளவு என்று நான் ஒரு தொகை சொன்னால் அது உங்கள் ஊருக்குப் பொருந்தாது. பேசும் முறையைச் சொல்கிறேன். மொத்தமாக ஒரு தொகை, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு தொகை, கட்டம் கட்டமாக ஒரு தொகை என்று மூன்று வழக்கம் இருக்கிறது. வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசினால் வழக்கு இழுக்க இழுக்க அவருக்கு வருமானம், நல்ல மனிதருக்கும் அது ஒரு சபலம். மொத்தத் தொகையை முதலிலேயே கொடுத்துவிட்டால் ஆர்வம் குறையும். மனுத் தாக்கல், இடைக்கால மனு, விசாரணை, தீர்ப்பு என்று கட்டத்துக்கு இவ்வளவு எனப் பிரித்துப் பேசுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எது சேர்த்தி, எது தனி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்: கோர்ட் ஃபீஸ், சம்மனுக்கான பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா, இடையில் போடும் ஒவ்வொரு மனுவுக்குமான செலவு. ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பச் சொன்னாலும் போதும். பணத்தை வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ கொடுங்கள். வருமானம் இல்லாத தரப்பு, இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம்.

கையெழுத்து, அதற்கப்புறம்

வக்காலத்து என்பது அச்சடித்த ஒரு தாள்தான், ஆனால் உங்கள் சார்பில் சமாதானம் பேசவும் பணம் பெற்றுக்கொள்ளவும்கூட அதில் அதிகாரம் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள். "எங்களைக் கேக்காம எந்தச் சமாதானமும் வேண்டாம்" என்று அன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். மனு ஆங்கிலத்தில் இருந்தால் வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "மேலே சொன்னதெல்லாம் உண்மை" என்று கடைசியில் கையெழுத்துப் போடுவது வக்கீல் இல்லை, நீங்கள். இதைச் செய்யாததற்கு நாங்கள் கட்டிய விலை பதினாலு மாதம்.

வழக்கு எண் விழுந்ததும் உங்கள் வழக்குக்கென்றே தரும் 16 இலக்க அடையாள எண்ணை (சி.என்.ஆர்.) வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுவையுங்கள். அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும். "எதிர்த்தரப்பு வரல, தள்ளி வச்சிட்டாங்க" என்று வக்கீல் சொன்ன நாளில் உண்மையில் வராதது யார் என்பதும் தெரியும். நீங்கள் எதிர்மனுதாரர் என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும், இரண்டு மூன்று முறை யாரும் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும்.

மாற்ற வேண்டியிருந்தால்

கோபத்தில் மாற்றாதீர்கள். வாய்தாவுக்கு வாய்தா நடந்ததைக் குறித்துவையுங்கள், ஒருமுறை நேரில் உட்கார்ந்து கேளுங்கள். சரிப்படவில்லையென்றால் மரியாதையாகச் சொல்லி ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள், புது வக்கீல் அதை வைத்துப் புது வக்காலத்துப் போடுவார். பழையவர் தரமாட்டேன் என்றால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை, 2000-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாக்கியை அவர் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். உண்மையில் பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள், அதுதான் நியாயம்.

மோசடி அளவுக்குப் போனால் வக்கீல்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாகிவிட்டது.

எங்கள் புது வக்கீல் முதலில் செய்தது, அந்தப் பொய்ப் பத்தியை நீக்கத் திருத்த மனுப் போட்டது. எதிர்த்தரப்பு அதையும் எதிர்த்தது, அதற்கே நான்கு வாய்தா போனது. ஆனால் அதற்கப்புறம் மாப்பிள்ளை வீட்டார் சமரச மேசைக்கு வந்தார்கள், வழக்கு மியூச்சுவலாக மாறி முடிந்தது.

கடைசி நாளில் உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடும் வேலை ஒன்று பாக்கி இருக்கும். பாஸ்போர்ட், பள்ளிக்கூடம், மறுமணம் என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள். எதிர்த்து நடந்து தீர்ப்பான வழக்கு என்றால் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் செய்யக்கூடாது, அந்தத் தேதியையும் வக்கீலிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "மூணு காப்பிக்குப் போடும்மா, ஒண்ணு எப்படியும் தொலையும்" என்றார் எங்கள் வக்கீல். தொலைந்துவிட்டது.